எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா மேல வாய்தா வாங்குறார், மூணு தடவைக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்காமே, நிஜமா?

அரசலாற்றங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். சிவில் கோர்ட் விவகாரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. ஊர் கும்பகோணம் பக்கம், எந்த கோர்ட்டுன்னு போடல, கேஸ் நடந்துகிட்டு இருக்கு அதனால வேணாம்.

எங்க அம்மா அவங்க அப்பா சொத்துல பங்கு கேட்டு என் தாய்மாமா மேல பாகப்பிரிவினை கேஸ் போட்டிருக்காங்க. ஆறு மா நஞ்சை, அதாவது ரெண்டு ஏக்கர், ஒரு ஓட்டு வீடு, பின்னால கொல்லை. தாத்தா உயில் எதுவும் எழுதி வெக்கல. நிலம் பூரா மாமா கையில, குறுவையும் அவருதுதான் தாளடியும் அவருதுதான், அம்மாவுக்கு பொங்கலுக்கு ஒரு மூட்டை அரிசி வந்துகிட்டிருந்தது, கேஸ் போட்டதுலேர்ந்து அதுவும் நின்னு போச்சு.

இப்ப பிரச்சனை என்னன்னா அம்மாதான் பி.டபிள்யூ 1, வாதி தரப்பு மொத சாட்சி. சாட்சியத்தை எழுத்துல ப்ரூஃப் அஃபிடவிட்டாப் போட்டு டாக்குமெண்ட் எல்லாம் மார்க் பண்ணியாச்சு, அடுத்து எதிர்த்தரப்பு வக்கீல் அம்மாவை க்ராஸ், குறுக்கு விசாரணை, பண்ணணும், அங்கயே நிக்குது. காலைல கேஸ் கூப்பிடுவாங்க, எங்க வக்கீல் விட்னஸ் ரெடின்னு சொல்வார், அந்தப் பக்கம் ஒரு ஜூனியர் எந்திரிச்சு சீனியர் ஹைகோர்ட் மதுரை பெஞ்சுல இருக்கார், ஒரு ஷார்ட் டேட் வேணும் அய்யான்னு சொல்லும், பெஞ்ச் கிளார்க் டைரியைப் பொரட்டி ஒரு தேதி சொல்வார், முடிஞ்சது. ஒரு நிமிஷம் கூட ஆகாது. அம்மாவுக்கு வயசு 68, முட்டி வலி, அந்த ஒரு நிமிஷத்துக்காக மொத பஸ்ஸைப் புடிச்சு வந்து மஞ்சப்பையில பத்திர நகலை வெச்சுகிட்டு வராண்டா சிமெண்ட் பெஞ்சுல உக்காந்திருக்காங்க, மாமா எதுத்தாப்ல தூண் ஓரமா நின்னுகிட்டு போன்ல பேசிகிட்டு இருப்பார், அக்கான்னு ஒரு வார்த்தை கிடையாது.

எங்க வக்கீல் கிட்ட கேட்டா சிவில் கேஸ்னா அப்படித்தான் தம்பி இருக்கும்கறார். மூணு வாய்தாவுக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குன்னு ஒருத்தர் சொன்னார். இருக்கா? இருந்தா ஏன் யாரும் அதை எடுத்து சொல்ல மாட்டேங்கறாங்க? நாங்களே ஜட்ஜ் கிட்ட சொல்லலாமா?

வெட்டாறு:

மூணு வாய்தாவா 😄 எங்க கேஸ்ல சம்மன் சார்வு ஆகி எதிராளி கைக்குப் போய் சேர்றதுக்கே அதுக்கு மேல ஓடிருச்சு. ஆள் வீட்ல இல்ல, கதவு பூட்டியிருந்தது, சம்மன் அனுப்பற செலவுக்குப் பேட்டா கட்டல, மறுபடி பேட்டா கட்டு. ஆள் என்னமோ தினம் டீக்கடையிலதான் இருந்தார்.

மன்னை ஜூனியர்:

நான் வக்கீல்தான், மன்னார்குடி பக்கம் ப்ராக்டிஸ். பொதுவா சொல்றேன், உங்க கேஸ் கட்டைப் பாக்காம உங்க கேஸைப் பத்தி அடிச்சு சொல்ல முடியாது.

சட்டம் இருக்கு. சிபிசில, அதாவது சிவில் நடைமுறைச் சட்டத்துல, ஆர்டர் 17 ரூல் 1. கேஸ் விசாரணையில இருக்கும்போது ஒரு பார்ட்டிக்கு மூணு தடவைக்கு மேல வாய்தா குடுக்கக் கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்கு. 1999 திருத்தத்துல கொண்டு வந்தாங்க, 2002 ஜூலை 1லேர்ந்து அமல். அந்த திருத்தங்களை எதுத்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது நம்ம ஊர் ஆளுங்கதான், சேலம் வக்கீல் சங்கம். 2005 ஆகஸ்ட்ல தீர்ப்பு வந்துச்சு. ரூல் செல்லும், ஆனா பார்ட்டியோட கைமீறிப் போன விஷயம்னா மூணைத் தாண்டியும் கோர்ட் குடுக்கலாம்னு சொன்னாங்க. அதுக்கு அவங்க காட்டுன உதாரணம் என்ன தெரியுமா, போபால் விஷவாயு, குஜராத் பூகம்பம், சுனாமி. நாகப்பட்டினத்துல கடல் உள்ள வந்து எட்டு மாசம் கூட ஆகாத நேரம் அது. அந்த மாதிரி நெலமைக்கு வெச்ச சலுகையைத்தான் இப்ப சீனியருக்கு வேற கோர்ட்ல வேலைங்கறதுக்கு எடுத்து நீட்டுறாங்க. அதே தீர்ப்புல மூணாவது இல்ல, மொத வாய்தாவே கூட யாருக்கும் உரிமை கிடையாதுன்னு இருக்கு, அந்த வரியை யாரும் படிச்சுக் காட்டறதில்ல.

உங்க மேட்டருக்கு நேராப் பொருந்துற ரெண்டு விஷயம் அதே ரூல்லயே இருக்கு. வக்கீல் வேற கோர்ட்ல இருக்கார்ங்கறது வாய்தாவுக்கு ஒரு காரணமே ஆகாது, அப்படியே எழுதியிருக்கு, மதுரை பெஞ்சா இருந்தாலும் சரி பக்கத்து ரூம் சப்கோர்ட்டா இருந்தாலும் சரி. இன்னொன்னு, சாட்சி வந்து நிக்கிறார், எதிர்த்தரப்பு வக்கீல் வரல இல்ல வந்தும் ரெடியா இல்லன்னா, க்ராஸ் இல்லாமயே மேல போறதுக்கு ஜட்ஜுக்கு அதிகாரம் இருக்கு. கோர்ட் பாஷையில க்ராஸ் நில்னு எழுதி க்ளோஸ் பண்றதுன்னு சொல்வாங்க.

காஸ்ட், அதாவது எதிர்த்தரப்புக்குக் கட்டற செலவுத் தொகை, அந்த விஷயமும் இருக்கு. வாய்தா குடுத்தா காஸ்ட் போடணும், போட்டாலும் போடலாம்னு இல்ல, போட்டே ஆகணும். செக்ஷன் 35பி பிரகாரம் போட்ட காஸ்ட்டை அடுத்த தேதிக்குள்ள கட்டலன்னா பிரதிவாதி அவரோட டிஃபென்ஸை மேல நடத்த முடியாது. இருநூறு ஐநூறுன்னு போட்டு விட்டா அது வாய்தாவுக்கு டிக்கெட் மாதிரி ஆயிரும், அதுவும் உண்மைதான், அதனால பஸ் செலவு, அன்னிக்குப் போன கூலி எல்லாம் சொல்லி உங்க வக்கீலைக் கேக்கச் சொல்லுங்க.

நீங்களே ஜட்ஜ் கிட்ட பேசலாமான்னு கேட்டீங்க. வக்கீல் வெச்சிருக்கும்போது நடுவுல எந்திரிச்சுப் பேசினா நல்லா இருக்காது. ஆனா உங்க வக்கீல் வாய்லயே அப்ஜெக்ஷன்னு சொல்லிட்டு உக்காராம ஒரு மெமோவா எழுதிக் குடுக்கணும், சாட்சி இத்தனை மணிக்கு ஆஜர், வயசு 68, எதிர்த்தரப்பு தயாரா இல்ல, இதுக்கு முன்னாடி இந்தந்தத் தேதியில வாய்தா வாங்கியிருக்காங்கன்னு. எழுத்துல போனா பதிவாகும், பதிவானா ஜட்ஜ் அதுக்கு ஒரு வரியாவது ஆர்டர் எழுதணும். வாய்ல சொன்னது அந்த வராண்டாவோட போச்சு.

கட்டு தூக்கினவன்:

ரிட்டயர்டு கோர்ட் ஸ்டாஃப். பெஞ்ச் கிளார்க்கா ரொம்ப வருஷம் இருந்தேன், அதனால அந்த டைரியைப் பொரட்டுற ஆள் பக்கத்துலேர்ந்தும் ஒண்ணு சொல்லிக்கிறேன்.

ஒரு நாளைக்கு லிஸ்ட்ல இருக்கற கேஸ் எல்லாத்தையும் எந்த ஜட்ஜாலயும் எடுக்க முடியாது தம்பி. முறைப்பாசனம் வெச்சு தண்ணி விடுற கதைதான், கடைமடைக்கு வர்றப்போ ஷட்டர் எறங்கிரும். அதனால யாராவது வாய்தா கேட்டா உள்ளுக்குள்ள எங்களுக்கே ஒரு நிம்மதி, ஒரு கட்டு கொறைஞ்சுதுன்னு. வக்கீல் ரெண்டு பேரும் சேந்து கேட்டா கேக்கவே வேணாம். இதுல ஜட்ஜ் மாறிப் போயிட்டா புது ஆள் வர்ற வரைக்கும் இன்சார்ஜ், இன்சார்ஜ் ஜட்ஜ் அவசர மனு மட்டும்தான் பாப்பாங்க, சாட்சி விசாரணை எடுக்க மாட்டாங்க, எல்லாத்துக்கும் மொத்தமா தேதி. மே மாசம் கோடை லீவு. நடுவுல பாய்காட். வக்கீலுக்கு ஸ்ட்ரைக் பண்ற உரிமையே கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2002லயே சொல்லியாச்சு, சொல்லி என்ன, நோட்டீஸ் போர்டுல தீர்மானத்தை ஒட்டிட்டுப் போயிருவாங்க.

அதனால நீங்க மொதல்ல பண்ண வேண்டியது, எந்த வாய்தா யாரால ஆச்சுன்னு பிரிச்சுப் பாக்கறது. ஈகோர்ட்ஸ் ஆப்ல உங்க கேஸுக்குன்னு குடுத்த சிஎன்ஆர் நம்பர் போட்டா கேஸ் ஹிஸ்டரி வரும், ஒவ்வொரு தேதியையும் தொட்டா அன்னிக்கு என்ன நடந்துதுன்னு ரெண்டு வரி இருக்கும். பல கோர்ட்ல அந்த ரெண்டு வரியும் சோம்பேறித்தனமாத்தான் போட்டிருப்பாங்க, நானும் பாத்திருக்கேன், ஆனா வாதி தரப்பு கேட்டதா பிரதிவாதி தரப்பு கேட்டதாங்கறது பெரும்பாலும் தெரிஞ்சிரும். மெமோவுல எல்லாத்தையும் எதிர்த்தரப்பு தலையில கட்டிட்டுப் போய் நின்னீங்கன்னா, ஜட்ஜ் கட்டைப் பொரட்டிப் பாத்து இந்தத் தேதியில நீங்கதானே கேட்டீங்கன்னு கேட்டா மானம் போயிரும்.

அரசலாற்றங்கரை:

ஆப்ல பாத்தேன் அய்யா. நீங்க சொன்னது சரி.

எல்லாத்தையும் மாமா தரப்புதான் இழுக்குதுன்னு நெனச்சுகிட்டிருந்தோம். ஹிஸ்டரியை ஒரு பேப்பர்ல எழுதி எடுத்தா க்ராஸ் ஸ்டேஜுக்கு வந்ததுக்கு அப்புறம் வாங்குனது பூரா அவங்கதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி ப்ரூஃப் அஃபிடவிட்டுக்குன்னு போட்ட தேதி வரிசையா எங்க பக்கம்தான் ஓடியிருக்கு. வாதி தரப்பு கால அவகாசம் கோரியதுன்னு போட்டிருக்கு, அன்னிக்கெல்லாம் நாங்க கோர்ட்லதான் இருந்தோம், ஜட்ஜ் லீவுன்னு குமாஸ்தா சொல்லி அனுப்பிட்டார். நாங்களும் வெளியில கும்பேஸ்வரர் கோயில் வரைக்கும் போயிட்டு பஸ் ஏறிட்டோம். இன்சார்ஜ்னு சில தேதி. ரெண்டு தேதிக்கு எதிருக்க ஒண்ணுமே எழுதல.

வக்கீல் கிட்ட இதைக் காட்டலாமா வேணாமான்னு ஒரே யோசனை. கோவிச்சுகிட்டு கட்டைத் தூக்கிக் குடுத்துட்டா புது வக்கீல் புடிச்சு மறுபடி வக்காலத்து போட்டு அவர் கட்டைப் படிக்கன்னு அதுக்கு ஒரு வாய்தா ஆகும்.

வெட்டாறு:

காட்டுங்க ஆனா சண்டைக்குப் போற மாதிரி வேணாம். அண்ணே இந்தத் தேதியெல்லாம் எதிர்த்தரப்பு வாங்கினது, மெமோவுக்கு ஆகும்னு எழுதியாந்தேன்னு அவங்க தேதியை மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. மத்த தேதியும் உங்ககிட்ட இருக்குன்னு அவருக்கே புரிஞ்சிரும்.

சும்மா சொல்லக் கூடாது, பீஸ் ஹியரிங்குக்கு இவ்ளோன்னு பேசியிருந்தா எந்த வக்கீலுக்கும் அவசரம் வராது. எங்க அப்பா கேஸ்ல அதான் நடந்துச்சு. மொத்தமா பேசி ஸ்டேஜ் ஸ்டேஜா குடுக்கறதுதான் நல்லது.

நன்னிலம் தெற்கு:

நடுவுல பூர்றதுக்கு மன்னிக்கணும். நான் பிரதிவாதி, வரப்புத் தகராறு, தடையுத்தரவு கேட்டுப் போட்ட இன்ஜங்ஷன் கேஸ். எனக்கு அடுத்த வாரம் கண்புரை ஆபரேஷன், அதே வாரத்துல என் சாட்சியத்துக்குத் தேதி. எனக்கு நெசமாவே வாய்தா வேணும். நீங்கல்லாம் பேசறதைப் பாத்தா கேக்கவே பயமா இருக்கு. பேசாம போகாம இருந்துட்டு அடுத்த தேதிக்குப் போயிக்கலாமா?

மன்னை ஜூனியர்:

போகாம மட்டும் இருந்துராதீங்க. டவாலி மூணு தடவை கூப்பிட்டு உங்க பக்கம் ஒருத்தரும் இல்லன்னா எக்ஸ்பார்ட்டி ஆக்கி நீங்க இல்லாமலே மேல நடத்திருவாங்க, தீர்ப்பாகி டிக்ரியே ஆயிட்டா அதை செட் அசைடு பண்ணி ரத்தாக்க டிக்ரி தேதிலேர்ந்து 30 நாள்தான் டயம், அதைத் தாண்டினா தாமதத்தை மன்னிக்கச் சொல்லி டிலே கண்டோன் மனு, அது ஒரு தனி கேஸாவே ஓடும். வாதியா இருந்தாலும் இதே கதைதான், வரலன்னா கேஸ் டிஸ்மிஸ் ஃபார் டிஃபால்ட், அதுக்கும் 30 நாள்.

உங்களது நியாயமான காரணம். ஆஸ்பத்திரியில ஆபரேஷன் தேதி போட்ட சீட்டை வாங்கி வக்கீல் கிட்ட இப்பவே குடுங்க, அன்னிக்குக் காலைல இல்ல. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு முன்கூட்டியே சொல்லிட்டா அவங்க சாட்சியோ பார்ட்டியோ வீணா அலைய வேண்டாம், ஆட்சேபனையும் வராது. எப்ப வர முடியும்னு நீங்களே ஒரு தேதியைச் சொல்லிக் கேளுங்க. நாலு வாரம் கழிச்சு இந்தக் கிழமை ரெடின்னு சொல்றவனுக்கும் வெறும் டயம் வேணும்னு நிக்கிறவனுக்கும் ஜட்ஜ் பார்வையில வித்தியாசம் இருக்கு.

அரசலாற்றங்கரை சாருக்கும் இதுல ஒண்ணு. அம்மாவால அலைய முடியலன்னா கோர்ட் நியமிக்கற ஒரு வக்கீல், அட்வகேட் கமிஷனர், வெச்சு க்ராஸை ரெக்கார்ட் பண்ணச் சொல்லி மனு போடலாம். உடம்பு முடியாத சாட்சிக்கு வீட்டுக்கே வந்து எடுக்கவும் வழி இருக்கு. கமிஷனர் பீஸ் மனு போட்டவங்க தலையில விழும், அதுதான் சங்கடம். பீஸ் கட்ட முடியாதவங்களுக்கு இன்னொண்ணு, பெண்களுக்கு வருமானக் கணக்கே பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும்.

நன்னிலம் தெற்கு:

ரொம்ப நன்றிங்க. ஹைகோர்ட்ல போய் இத்தனை மாசத்துக்குள்ள முடிக்கணும்னு ஆர்டர் வாங்கலாம்னு எங்க ஊர்ல ஒருத்தர் சொல்றார், அதுக்கு மதுரை போகணுமா மெட்ராஸ் போகணுமா?

கட்டு தூக்கினவன்:

நீங்க திருவாரூர் மாவட்டம், மெட்ராஸ்தான். நாகை, மயிலாடுதுறையும் மெட்ராஸ். தஞ்சாவூர் மாவட்டம்னா மதுரை பெஞ்ச், 2004ல மதுரையில ஆரம்பிச்சதுலேர்ந்து அப்படித்தான். குடமுருட்டிக்கு இந்தக் கரை மதுரை, கொஞ்சம் கெழக்க நகந்தா மெட்ராஸ்னு வேடிக்கையாப் பேசிக்குவோம்.

மன்னை ஜூனியர்:

அந்த மனு அரசியல் சட்டம் 227வது பிரிவுல போடறது. முன்ன சுலபமா ஆறு மாசத்துல முடின்னு எழுதிக் குடுத்துருவாங்க. 2024 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச், கீழ்கோர்ட் கேஸுக்கு இப்படி நாள் குறிக்கறதை சாதாரணமாப் பண்ணக் கூடாது, ரொம்ப விசேஷமான நெலமை இருந்தாத்தான்னு சொல்லிருச்சு. நியாயமும் இருக்கு, காசு இருக்கறவன் ஹைகோர்ட் போய் வரிசையில முன்னாடி வந்துருவான், இல்லாதவன் கேஸ் பின்னாடி போகும். வயசானவங்க கேஸ்னு எடுத்துச் சொல்லி அந்த கோர்ட்லயே முன்னுரிமை கேக்கறதை மொதல்ல பண்ணுங்க.

அரசலாற்றங்கரை சார், உங்க கேஸ்ல எனக்கு உறுத்தறது வேற. வாய்தாவால யாருக்கு லாபம்னு பாருங்க. ஒவ்வொரு வாய்தாவும் ஒரு மாசம்னு வெச்சா நாலஞ்சு வாய்தாவுல ஒரு போகம் அறுப்பு முடிஞ்சு நெல்லு கொள்முதல் நிலையத்துக்குப் போயிருது, பணம் மாமா அக்கவுண்ட்ல. அவர் ஏன் க்ராஸுக்கு அவசரப்படணும்? மூணு தடவை ரூலைப் படிச்சுக் காட்டறதை விட அந்த லாபத்துல கை வெக்கறதுதான் வேகமா வேலை செய்யும். நீங்க கேஸ் போட்ட மனு, அந்த ப்ளெய்ன்ட்ல நிலத்து வருமானத்துல பங்கு கேட்டிருக்கான்னு பாருங்க. கேக்கலன்னா ஒரு திருத்த மனு போட முடியுமான்னு வக்கீலைக் கேளுங்க, விசாரணை ஆரம்பிச்சாச்சு அதனால கொஞ்சம் கஷ்டம், ஆட்சேபனை வரும். கேட்டிருந்தா, கேஸ் முடியற வரைக்கும் அம்மா பங்குக்கான வருமானத்தை வருஷா வருஷம் கோர்ட்ல டெபாசிட் பண்ணச் சொல்லி ஒரு ஐஏ, இடைக்கால மனு, போடுங்க. நிலத்தை கோர்ட் சார்புல பாத்துக்க ஆர்டர் 40ல ரிசீவர் போடச் சொல்லியும் கேக்கலாம், ரிசீவரை அவ்ளோ சுலபமாப் போட மாட்டாங்க, ஆனா மனு நிக்குதுன்னாலே எதிர்த்தரப்பு பேச்சு மாறும். விஏஓ கிட்ட இருக்கற பயிர்க் கணக்கு, அடங்கல் நகல் எடுத்து வைங்க, எந்தப் போகம் என்ன பயிர்னு அதுல இருக்கும்.

இன்னொண்ணையும் இப்பவே தெரிஞ்சுக்குங்க, பாகப்பிரிவினையில மொதல்ல வர்றது ப்ரிலிமினரி டிக்ரி, யாருக்கு எத்தனை பங்குன்னு மட்டும். நிலத்தை அளந்து பிரிச்சுக் குடுக்கறது ஃபைனல் டிக்ரியில. முன்ன அதுக்குத் தனியா மனு போட்டு மொதல்லேர்ந்து வாய்தா ஆட்டம். 2022ல ஒரு கேரளா கேஸ்ல சுப்ரீம் கோர்ட், தனி மனுவுக்குக் காத்திருக்காம கோர்ட்டே ஃபைனல் டிக்ரிக்கு மேல நடத்தணும்னு சொல்லிருக்கு. ப்ரிலிமினரி டிக்ரி வந்த அன்னிக்கே இதை உங்க வக்கீல் ஞாபகப்படுத்தணும்.

வெட்டாறு:

மீடியேஷனுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டீங்களா? சொந்த அக்கா தம்பி. லோக் அதாலத்ல முடிஞ்சா அப்பீல் கிடையாது, கட்டுன கோர்ட் ஃபீஸும் திரும்பி வரும். எங்க கேஸ் கடைசில அங்கதான் முடிஞ்சுது, கொஞ்சம் விட்டுக் குடுத்தோம், பரவால்ல, அப்பா இருக்கும்போதே முடிஞ்சுது.

அரசலாற்றங்கரை:

அம்மாவுக்கு சம்மதம்தான் வெட்டாறு அண்ணே. மாமா மீடியேஷனுக்கு ஒரு தடவை வந்து உக்காந்துட்டு, கல்யாணத்துக்குப் போட்ட நகையைக் கணக்குல எடுன்னு ஆரம்பிச்சார், அம்மா எந்திரிச்சு வந்துட்டாங்க. அத்தைதான் உள்ள இருந்து முடுக்கறாங்கன்னு அம்மா சொல்லுது, எனக்குத் தெரியல.

போன ஹியரிங்ல நடந்ததைச் சொல்றேன். தேதி லிஸ்டைக் குடுத்ததும் எங்க வக்கீல் ஒரு நிமிஷம் பாத்துட்டு ஒண்ணும் பேசல, ஆனா மெமோ டைப் பண்ணிக் கொண்டாந்துட்டார். ஜூனியர் வழக்கம்போல சீனியர் மதுரையிலன்னு சொன்னதும் இவர் மெமோவை நீட்டினார். ஜட்ஜ் படிச்சுட்டு மதியம் மறுபடி கூப்பிடறோம்னு பாஸ் ஓவர் குடுத்தாங்க, மூணு மணிக்கும் யாரும் வரல, பி.டபிள்யூ 1 க்ராஸ் நில்னு எழுதியாச்சு, அடுத்து பிரதிவாதி சாட்சியத்துக்குத் தேதி. மாமா வராண்டாவுல நின்ன எடத்துலேர்ந்து வேகமா வக்கீல் ஆபீஸுக்குப் போனதை அன்னிக்குத்தான் பாத்தேன். இப்ப வாதி சாட்சியத்தை மறுபடி தொறக்கணும், அம்மாவை மறுபடி கூப்பிடணும்னு ரீஓப்பன், ரீகால் ரெண்டு மனு போட்டிருக்காங்க, நகல் கைக்கு வந்தாச்சு. இதை அலவ் பண்ணிருவாங்களா?

மன்னை ஜூனியர்:

பண்ணிருவாங்க, பெரும்பாலும் காஸ்ட் போட்டு பண்ணுவாங்க, க்ராஸே இல்லாம தீர்ப்பு எழுதினா மேல அப்பீல்ல திரும்பி வந்துரும்னு ஜட்ஜுக்கும் ஒரு யோசனை இருக்கும். அதனால ரொம்ப மல்லுக்கட்டாம, ஒரே ஹியரிங்ல க்ராஸ் முடிக்கணும், தேதி குறிச்சுக் குடுக்கணும், காஸ்ட்டை அதுக்கு முன்னாடியே கட்டணும்னு மூணு கண்டிஷன் கேட்டு கவுன்டர், பதில் மனு, போடச் சொல்லுங்க. கவுன்டரை அடுத்த தேதியிலயே தாக்கல் பண்ணிருங்க. கவுன்டருக்கு டயம் வேணும்னு உங்க வக்கீல் எந்திரிச்சார்னா சட்டையைப் புடிச்சு உக்கார வைங்க.